மூன்றாவது விமானத்தின் தரைக்கதவு

கேப்டன் லாங்கெனோடு பறக்க அனுமதி வேண்டும் என்று ரைமர் டீட்ஸ் எழுதிக் கொடுத்த தாளை, இன்ஜின் பிரிவு மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"உன் தம்பி செத்த சீட்டுடா அது" என்றார்.

"அதுதான் காலியா இருக்கு."

"எதுக்கு இப்ப உனக்கு இந்த வேலை? பன்னெண்டு வருஷமா தரையில நின்னு இன்ஜின் கோக்கிறவன் நீ."

"யாராவது போகணும்ல? வேற யாரும் பேர் குடுக்கல."

அது உண்மைதான். ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அந்த இருக்கைக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருவனுக்குக் காது வலி, ஒருவனுக்கு வயிறு. மேலாளர் ரைமரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

அந்தக் குண்டுவீச்சு விமானத்துக்குக் காகிதத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பெயராக இருந்தன. லாஸ்ஸெனோ விமானச் சோதனைத் தளத்தில் இருந்த எல்லோரும் அதை 'அடுப்பு' என்றுதான் சொன்னார்கள். கடல் தாண்டிப் போய் வர வேண்டும், இரண்டு டன் குண்டு சுமக்க வேண்டும், அவ்வளவு பெரிய உடம்போடு பருந்து மாதிரி தலைகீழாகப் பாய்ந்து குறி பார்த்துப் போடவும் வேண்டும் என்று பெர்லினில் அமைச்சகம் ஆசைப்பட்டது. நான்கு இன்ஜின்களை இறக்கையில் தனித்தனியாக வைத்தால் அப்படிப் பாய முடியாது. அதனால் தலைமை வடிவமைப்பாளர் டாக்டர் ஷ்டெங்கல், இரண்டிரண்டு இன்ஜின்களை ஜோடி சேர்த்து ஓர் உறைக்குள் திணித்து, ஒரே விசிறியைச் சுற்ற வைத்தார். பார்ப்பதற்கு இரண்டு இன்ஜின் விமானம் போல ஒய்யாரமாக இருக்கும். உறையைத் திறந்தால்தான் தெரியும். உள்ளே விரல் நுழைய இடமில்லை. நடுவில் ஓடும் புகைக்குழாய் பழுக்கக் காயும். அதற்கு நேர் கீழே எண்ணெய் சொட்டித் தேங்கும்.

முதல் விமானம் ஓடுதளத்திலேயே கால் முறிந்து உட்கார்ந்தது. இரண்டாவது, ஆகஸ்டில், காட்டுக்கு மேலே எரிந்து விழுந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். விமானி எக்பர்ட் லாங்கென் பாராசூட்டில் வந்து இறங்கினான். மெக்கானிக் ஹாஸோ டீட்ஸ் வரவில்லை. அவனுக்கு இருபத்தாறு வயது. அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே அண்ணன் ரைமர்தான்.

விசாரணை மூன்று நாளில் முடிந்தது. அதன் முடிவு ஹாஸோவின் மனைவி அல்முட்டுக்குத் தபாலில் வந்தது. அவள் அதை ரைமரிடம் படிக்கக் கொடுக்கவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருக்க, அவனை நிற்க வைத்து அவளே உரக்கப் படித்தாள்.

"'குதிக்கும்படி விமானி இருமுறை ஆணையிட்டும் மெக்கானிக் கீழ்ப்படியவில்லை. குதிப்பதற்கான தரைக்கதவு நல்ல நிலையில் இருந்தது. அச்சத்தால் செயலிழந்ததே மரணத்துக்குக் காரணம்.' கேட்டுச்சா ரைமர்? உன் தம்பி பயந்து செத்தானாம்."

"இதை யார் சொன்னது?"

"கீழ கையெழுத்து இருக்கே, லாங்கென்னு. பேக்கரிக்காரி வரைக்கும் தெரிஞ்சிடுச்சு. நேத்து ரொட்டியை என் கையில குடுக்கல, பலகையில வைக்கிறா. நீ தினமும் அந்த ஆளைப் பாக்குறியே, என்ன பண்ணிக் கிழிச்ச?"

ஹாஸோ பயந்தாங்கொள்ளி இல்லை. அது அவனை வளர்த்த ரைமருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் உறைந்த ஏரியில் விழுந்த நாயைத் தூக்கப் போய், தானும் விழுந்து, வெளியே வந்ததும் நாயையே திட்டியவன். அவன் கதவருகே உறைந்து போய் உட்கார்ந்திருந்தான் என்றால், அந்தக் கதையைச் சொன்னவன் எதையோ மறைக்கிறான். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ரைமர் அந்தத் தாளை எழுதினான். லாங்கெனை என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

லாங்கென் முதல் நாளே விஷயத்தை உடைத்துப் பேசினான்.

"டீட்ஸ், நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"டயல் பாக்க வந்திருக்கேன், கேப்டன்."

"என் முதுகுல கத்தி வைக்கணும்னா தரையில வைங்க. மேல வச்சீங்கன்னா நீங்களும் சேர்ந்து விழுவீங்க."

"இந்த விமானத்துக்குக் கத்தி எதுக்கு? அதுவே பாத்துக்கும்."

அதற்குப் பிறகு அவர்கள் மூன்றாவது விமானத்தில் மூன்று மாதம் சேர்ந்து பறந்தார்கள். விமானி மூக்கிலிருந்த கண்ணாடிக் கூண்டில். ரைமர் அவன் பின்னால், இன்ஜின் டயல்களுக்கு எதிரில். பேச்சு காதுக்குழாய் வழியாக, இன்ஜின் சூட்டின் எண்களில் மட்டும். "இடது எண்ணெய், நூத்திப் பத்து." "சரி." "வலது தண்ணி, தொண்ணூத்தஞ்சு." "சரி." கீழே இறங்கியதும் ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறு பக்கமும் போனார்கள். உணவுக்கூடத்தில் ரைமர் வேண்டுமென்றே லாங்கெனுக்கு எதிரில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடிப்பான். லாங்கென் பாதியில் எழுந்து போய்விடுவான். போகிறவனின் மீதி ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டு ரைமரும் எழுவான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் ரைமர் இன்ஜின் உறையின் அடியைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் அங்கே எண்ணெய் தேங்கியிருந்தது. நவம்பரில் ஒரு நாள் அதை ஒரு டப்பாவில் வடித்து எடுத்துக்கொண்டு டாக்டர் ஷ்டெங்கல் முன்னால் போய் நின்றான். ஷ்டெங்கல் கொட்டகைக்குள்ளும் தோல் கையுறையைக் கழற்றாத மனிதர்.

"ஒரு மணி நேரத்துல இவ்வளவு, டாக்டர். புகைக்குழாய்க்கு நேர் கீழ."

ஷ்டெங்கல் டப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. "இன்ஜின்னா சொட்டும் டீட்ஸ். சொட்டலைன்னாதான் நான் கவலைப்படுவேன்."

"நடுவுல ஒரு தகடு வச்சுத் தடுத்தாப் போதும். முதல் வரைபடத்துல இருந்துச்சே."

"இருந்துச்சு. எடுத்தாச்சு. முப்பத்தெட்டு கிலோ. உங்களுக்கு அது ஒரு தகடு, எனக்கு அது முப்பத்தெட்டு கிலோ குண்டு. பள்ளிக்கூடம் எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"எட்டாவது."

"நல்லது. எட்டாவது படிச்சவர் ஸ்பேனர் பிடிக்கட்டும். உங்க குடும்பமே நம்ம விமானத்து மேல பழி போடறதுல ரொம்ப ஆர்வமா இருக்கு."

ரைமர் அந்த எண்ணெயை அவர் பூட்ஸ் மேலேயே கவிழ்த்துவிட நினைத்தான். பக்கத்தில் நின்றிருந்த லாங்கென் வாய் திறக்கவில்லை. தினமும் அதே எண்ணெயின் மேல் உட்கார்ந்து பறக்கிறவன் அவன். அன்று ரைமருக்கு ஷ்டெங்கலைவிட அவன் மேல்தான் அதிக வெறுப்பு வந்தது.

புத்தாண்டு முடிந்ததும் அமைச்சகத்திலிருந்து ஒரு கர்னல் வந்தார். ரஷ்யப் பனியில் படைகள் மாட்டிக்கொண்டிருந்த சமயம். பெர்லினில் யாருக்கும் பொறுமை இல்லை. விமானத்தை உற்பத்திக்கு அனுப்ப ஒரே ஒரு சோதனைத் தாள்தான் பாக்கி என்றார். ஆறாயிரம் மீட்டரிலிருந்து முழு வேகத்தில் செங்குத்துப் பாய்ச்சல்.

"இது பாயாது, கர்னல்" என்றான் லாங்கென். "அறுபது டிகிரில உடம்பு முறுக்குது. இறக்கைத் தகடு சுருங்குது. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"பாயும்னு டாக்டர் கணக்குப் போட்டிருக்காரு."

"கணக்கு பறக்கட்டும். நான் பறக்க மாட்டேன்."

கர்னல் சிரித்தார். சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். "புரியுது கேப்டன். ஒரு தடவை குதிச்சுப் பழகினவருக்கு அடுத்த தடவை சீட்டுல உக்காரவே கஷ்டமாத்தான் இருக்கும். பரவாயில்ல. ஆம்பளை யாராவது இருந்தாச் சொல்லுங்க, அவரை அனுப்பறேன்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ரைமர் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். லாங்கென் திரும்பி அவனைப் பார்த்தான். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணி" என்றான் கர்னலிடம். பிறகு ரைமரிடம், "சிரிச்சீங்கல்ல, வாங்க. நீங்க இல்லாம எப்படி?"

மறுநாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. கீழே வயல், ஏரி, சாலை எல்லாம் ஒரே வெள்ளை. ஆறாயிரம் மீட்டருக்கு ஏற நாற்பது நிமிடம் ஆயிற்று. அங்கே குளிரில் ரைமரின் மூச்சு முகமூடி ஓரத்தில் பனியாக ஒட்டியது. இடது எண்ணெய் நூற்று இருபதைத் தாண்டியிருந்தது. சொன்னான். லாங்கென் "சரி" என்றான். பிறகு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினான்.

ரைமரின் கையிலிருந்து பென்சில் நழுவி முன்னால் பறந்தது. விமானத்தின் உடம்பு முழுவதும் ஓர் ஓசை எழுந்தது, ஈரத்துணியைப் பிழிவதைப் போல. ஆனால் பிழியப்படுவது தகரம். அவன் காலடியில் தரை நெளிவது தெரிந்தது. வேகமானியில் எழுநூறு, எழுநூற்று இருபது, எழுநூற்று ஐம்பது. மூவாயிரம் மீட்டரில் லாங்கென் தூக்க ஆரம்பித்தான். ரைமரின் தாடை நெஞ்சில் போய் இடித்தது, கண் இருண்டது. எங்கோ பெரிதாக ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. பார்வை திரும்பியபோது விமானம் நேராகப் பறந்துகொண்டிருந்தது. இடது இன்ஜின் உறையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது.

"இடது பக்கம் தீ!"

"பாத்துட்டேன். பெட்ரோலை மூடுங்க."

மூடினான். தீ அணையவில்லை. அது எண்ணெயில் பிடித்த தீ. ஒரு நிமிடத்தில் இறக்கையின் வேர் வரை வந்துவிட்டது.

"டீட்ஸ், குதிங்க!"

ரைமர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு தரைக்கதவின் பக்கம் தவழ்ந்தான். சிவப்புப் பிடியை இழுத்தால் இரண்டு கொண்டிகளும் விடுபட்டு, கதவு தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். இழுத்தான். கொண்டிகள் விடுபட்டன. கதவு விழவில்லை. மிதித்தான். இரண்டு காலாலும் மிதித்தான். அது சட்டத்துக்குள் ஆப்பு அடித்தது போல இறுகி நின்றது. முறுக்கிய உடம்பு கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் அவனுக்கு ஹாஸோ ஞாபகம் வந்தது. இதே இடத்தில், இதே பிடியைப் பிடித்துக்கொண்டு.

"குதிச்சாச்சா?" என்று காதில் குரல் கேட்டது.

"கதவு திறக்கல!"

ரைமர் நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு வழி விமானியின் தலைக்கு மேலே இருந்த கதவு. ஆனால் அதற்கு விமானி முதலில் எழுந்து போக வேண்டும், அவன் கை எடுத்த மறுநொடி விமானம் புரண்டுவிடும். ஒருவனுக்கு மட்டுமே ஆன கதவு அது. லாங்கென் திரும்பி ரைமரைப் பார்த்தான். பிறகு தலையை உயர்த்தி அந்தக் கதவைப் பார்த்தான். கை அதன் பிடிக்குப் போனது.

ரைமர் கத்தினான். "போங்க! போய்த் தொலைங்க! போன தடவை மாதிரியே போங்க!"

லாங்கென் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். கையை இறக்கி மறுபடி கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பிடித்தான். "எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றான். அதுவரை அவன் ரைமரை 'நீ' என்று சொன்னதில்லை.

அவர்கள் ஒரு கிழங்கு வயலில், வயிற்றால் இறங்கினார்கள். முழங்கால் ஆழப் பனி. விமானம் அதில் நூறு, இருநூறு மீட்டர் உழுதுகொண்டு போய், ஒரு வேலியை இழுத்துக்கொண்டு, பாதி திரும்பி நின்றது. இடது இறக்கை முறிந்து பின்னாலேயே எரிந்துகொண்டு கிடந்தது. முன்கூண்டின் கண்ணாடி நொறுங்கிய வழியாக இருவரும் வெளியே விழுந்தார்கள். ஐம்பது அடி தள்ளி ஓடியதும் ரைமர் திரும்பி லாங்கெனின் முகத்தில் ஓங்கிக் குத்தினான். லாங்கென் பனியில் உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. எழ முயலவில்லை.

"உனக்குத் தெரியும்!" ரைமருக்கு மூச்சு வாங்கியது. "கதவு திறக்காதுன்னு உனக்குத் தெரியும்டா!"

"தெரியும்."

"அவன் பயந்துட்டான்னு எழுதின!"

"எழுதினேன்." லாங்கென் பனியை அள்ளி மூக்கில் வைத்துக்கொண்டான். "அன்னிக்கும் பாய்ச்சல்தான். இந்த அளவு இல்ல. அவன் மிதிச்சான். நான் எந்திரிச்சுப் போய் மேல இருந்து அழுத்தினேன், அதுக்குள்ள புரள ஆரம்பிச்சுது, திரும்பி ஓடி வந்து நிமித்தினேன். ரெண்டு தடவை. மூணாவது தடவை நான் அவன்கிட்டப் போகல. மேல போயிட்டேன்."

"அதை எழுத வேண்டியதுதானே!"

"எப்படி எழுதறது? கதவு திறக்கலன்னு எழுதினா, உள்ள உயிரோட ஒருத்தனை விட்டுட்டு வந்தேன்னு எழுதணும். அவன் குதிக்க மாட்டேன்னு உக்காந்துட்டான்னு எழுதினா, நான் யாரையும் விட்டுட்டு வரல. ஷ்டெங்கல் அந்த வரியை டைப் அடிச்சே வச்சிருந்தாரு. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்."

"இன்னிக்கு மட்டும் எதுக்குடா இறக்கின?"

லாங்கென் எரியும் இறக்கையைப் பார்த்தான். "அன்னிக்குக் கீழ காடு. இன்னிக்கு வயல். பெரிசா எதுவும் நினைச்சுக்காத."

தீயணைப்பு வண்டி பனியில் திணறிக்கொண்டு வருவதற்குள் ரைமர் செய்ய வேண்டியதை முடிவு செய்துவிட்டான். விமானத்தின் வால் எரிந்துபோனது; முன்பக்கம் பிழைத்தது. அன்று பிற்பகலே இரண்டு ஆட்களையும் அந்த வயல்காரனின் குதிரைச் சறுக்கு வண்டியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான். காவலுக்கு நின்றவனிடம், "டாக்டர் ஷ்டெங்கல் கேட்டாரு" என்றான். மூன்று மணி நேரம் ரம்பத்தால் அறுத்து, தரைக்கதவை அதன் சட்டத்தோடு பெயர்த்து எடுத்தார்கள். கொண்டிகள் இரண்டும் விடுபட்டிருந்தன. கதவு அப்படியே இறுகி நின்றது.

மறுநாள் விசாரணை அறையில் கர்னல், ஷ்டெங்கல், தட்டச்சு செய்யும் ஒரு பெண். லாங்கென் வீங்கிய மூக்கோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஷ்டெங்கலின் முன்னால் ஒரு தாள் தயாராக இருந்தது.

"மெக்கானிக் டீட்ஸ் பிடியைச் சரியா இழுக்காததால..." என்று அவர் படிக்க ஆரம்பித்தார்.

ரைமரும் இரண்டு ஆட்களும் அந்தச் சட்டத்தை உள்ளே தூக்கி வந்து, மேசை மேல், அவருடைய தாளின் மேலேயே வைத்தார்கள். மைக்கூடு கவிழ்ந்தது. தட்டச்சுப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"இழுத்தேனா இல்லையான்னு நீங்களே பாத்துக்குங்க, டாக்டர். கொண்டி வெளிய இருக்கு. இப்ப அந்தக் கதவைத் திறந்து காட்டுங்க. எட்டாவது படிச்சவனால முடியல."

ஷ்டெங்கல் முகம் மாறவில்லை. "வயல்ல மோதினதுல சட்டம் கோணியிருக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை எடுத்துட்டுப் போங்க. அனுமதி இல்லாம விமானத்தை அறுத்தது நாசவேலை, அதுக்கு என்ன தண்டனைன்னு கர்னல் சொல்வாரு."

கர்னல் கதவை விரலால் தட்டிப் பார்த்தார். "மோதறதுக்கு முன்னாடியே இறுகியிருந்துச்சுன்னு யார் சொல்றது? நீங்க மட்டும்தானே?"

அறையில் எல்லோரும் லாங்கெனைப் பார்த்தார்கள். ரைமர் பார்க்கவில்லை. இந்த ஆளிடம் கெஞ்சுவது போல ஒரு பார்வைகூட போகக் கூடாது என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டாயிரம் மீட்டர்லயே இறுகியிருந்துச்சு" என்றான் லாங்கென். "டீட்ஸ் மிதிச்சதை நான் திரும்பிப் பாத்தேன். ஆகஸ்ட்லயும் இதேதான். பிடியை இழுத்தாச்சு, கதவு வரல."

"ஆகஸ்ட்ல வேற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கீங்க, கேப்டன்."

"அது பொய்."

"அப்போ உங்க மெக்கானிக்கை..."

"ஆமா. உள்ள விட்டுட்டு வந்தேன். அம்மா, டைப் அடிங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

கர்னல் இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவு மட்டும் மேசையிலேயே இருந்தது.

முடிவுகள் ஒரு வாரத்தில் வந்தன. பொய்யாகச் சான்று அளித்ததற்காக லாங்கெனின் பதவி பறிக்கப்பட்டது. கிழக்கே முற்றுகையில் சிக்கியிருந்த படைக்குச் சாமான் ஏற்றிப் போகும் பழைய விமானங்களுக்கு அவனை மாற்றினார்கள். ஷ்டெங்கலுக்கு எதுவும் ஆகவில்லை. அவர் தரைக்கதவை அகலமாக்கி, அதைச் சட்டத்திலிருந்து உதைத்துத் தள்ள நான்கு ஸ்பிரிங் வைத்து, புதிய வரைபடத்தில் கையெழுத்திட்டார். எண்ணெய்த் தகட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பாய்ச்சல் சோதனை 'நிறைவு' என்று எழுதப்பட்டது. விமானம்தான் பாய்ச்சலிலிருந்து நேராகிவிட்டதே. உற்பத்தி ஆணை வந்தது. ரைமரை இன்ஜின் பிரிவுக்கே திருப்பி அனுப்பினார்கள்; ஆள் பற்றாக்குறை, அதனால்தான் அவன் மேல் நாசவேலை வழக்கு போடவில்லை என்று மேலாளர் காதில் ஓதினார்.

அல்முட்டுக்கு இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை அவள் அதை ரைமரிடம் நீட்டினாள். ஒரே வரி. 'முந்தைய முடிவு மாற்றப்படுகிறது. மரணத்துக்குக் காரணம், பின்னர் சரிசெய்யப்பட்ட ஒரு தொழில்நுட்பக் குறை.'

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான் எழுதுவாங்க."

"கதவைச் சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க."

"உன் புண்ணியத்துல. ஆக இனிமே உள்ள இருக்கிறவன் பயப்படாம பறப்பான். எவ வீட்டுக் கூரை மேலயோ நல்லாக் குறி பாத்துப் போட்டுட்டுப் பத்திரமாத் திரும்பி வருவான்." அவள் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். "உன் மேல கோவமில்ல ரைமர். கொஞ்சம் இருக்கு."

அவன் பார்லிக் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தான். அவள் அவனை வாசலில் நிறுத்தினாள்.

"அந்த ஆள் இன்னும் போகலைல்ல? அவன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஹாஸோ கடைசியா என்ன சொன்னான்? காதுக்குழாய் போட்டிருந்தானே. கேட்டிருக்கும்."

லாங்கெனின் ரயில் மறுநாள் மத்தியானம். லாஸ்ஸெனோ ஸ்டேஷனில் ஒரே ஒரு நடைமேடை. லாங்கென் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பதவிப் பட்டை எடுத்த இடத்தில் கோட்டுத் துணி மட்டும் கருமையாக இருந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை. ரைமரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"இன்னொரு குத்து பாக்கி இருக்கா?"

"ஒரு கேள்வி இருக்கு. நான் கேக்கல, அவன் பொண்டாட்டி கேக்கச் சொன்னா. கடைசியா என்ன சொன்னான்?"

லாங்கென் தண்டவாளத்தைப் பார்த்தான். ரைமர் திரும்பப் போனபோது அவன் பேசினான்.

"முதல்ல ஷ்டெங்கலைத் திட்டினான். அந்த ஆள் தலையை இந்தக் கதவுக்குள்ள வச்சு நசுக்கணும்னான். அப்புறம் அந்த இயந்திரத்தைத் திட்டினான். அப்புறம் என்னை. 'போய்த் தொலைடா நாயே'ன்னான். 'எதுக்குடா என்னைப் பாத்துட்டு நிக்கிற, போய்த் தொலை'ன்னான். ரெண்டு தடவை சொன்னான். அப்பதான் நான் மேல போனேன்."

அதே வார்த்தை. எரியும் விமானத்தில் ரைமரின் வாயிலிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது.

"அன்னிலேர்ந்து யோசிக்கிறேன்" என்றான் லாங்கென். "அவன் என்னைத் திட்டினானா, இல்ல போகச் சொன்னானா? நீங்களும் அன்னிக்குக் கத்தினீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்லுங்க, டீட்ஸ்."

ரயில் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடைமேடை அதிர ஆரம்பித்தது. இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவான் என்று ரைமருக்குப் புரிந்தது. ஹாஸோ எதை நினைத்துச் சொன்னான் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. தான் எதை நினைத்துக் கத்தினோம் என்பது மட்டும் தெரியும்.

"திட்டினான்" என்றான் ரைமர்.

லாங்கென் தலையசைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். மேலே நின்று, என்ன நினைத்தானோ, கையை நீட்டினான். ரைமர் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். ரயில் நகர்ந்தது.

நடைமேடையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவன் அல்முட்டின் வீட்டுப் பக்கம் நடந்தான். தம்பி கடைசிவரை டாக்டரையும் இயந்திரத்தையும் விமானியையும் திட்டினான் என்று அவளிடம் சொன்னான். அவள் எல்லாத் திட்டையும் ஒன்று விடாமல் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவன் சொன்னான்.